சுவரைக் கேட்ட பிறகு நிறத்தைக் கேளுங்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் காட்டுப்பள்ளி உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



போன வாரம் தலைவி அக்கா என்னைக் கூப்பிட்டு, "உன் வீட்டுச் சுவரு கதையை விழாவுல பேசு"ன்னு சொன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆண்டு விழாவில் கடன் வாங்கி மாடு வாங்கினோம், கடை வைத்தோம், பிள்ளையைப் படிக்க வைத்தோம் என்று பேசுவார்கள். நான் கடன் வாங்கிச் சுவரைக் கெடுத்தவள். நான் என்ன பேசுவது? அக்கா விடவில்லை. "ஜெயிச்சவங்க பேசுனா கை தட்டுவாங்க. நீ பேசுனா நாலு பேருக்குக் காசு மிச்சமாகும்"னு சொன்னாங்க. அதனால் வந்து நிற்கிறேன்.

நான் தையல் வேலை செய்கிறேன். பிளவுஸ், சுடிதார், ஓரம் அடிப்பது, ஃபால்ஸ் வைப்பது எல்லாம் வீட்டு முன் அறையில்தான். பத்துக்குப் பத்து அறை. கிழக்கே வாசல், ஒரே ஜன்னல். வாடிக்கைக்காரர்கள் வந்து நின்று அளவு கொடுப்பதும், துணியை விரித்து நிறம் பார்ப்பதும் அங்கேதான். மீஞ்சூரில் ஒரு தையல் கடைக்குப் போயிருந்தேன். அங்கே சுவரில் கட்டம் கட்டமாகப் பலகை அடித்து, சுற்றிலும் பீடிங் வைத்து, நடுவில் ஆளுயரக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். பார்த்ததும் மனசு அங்கேயே நின்றுவிட்டது. நம் வீட்டிலும் அப்படி இருந்தால் கூடுதலாக நாலு பேர் வருவார்களே என்று நினைத்தேன். ஆசை என்று சொல்லுங்கள், பிழைப்பு என்று சொல்லுங்கள், இரண்டும்தான்.

குழுக் கூட்டத்தில் 25,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். எதற்கு என்று கேட்டார்கள். "சுவத்துக்குப் பலகை அடிக்க"ன்னு சொன்னதும் ஒரே சத்தம். நம்ம குழுவில் ஓர் அக்கா எழுந்து, "சுவத்துக்குப் புடவை கட்டி விடவா சங்கம் வச்சிருக்கோம்?"னு கேட்டாங்க. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஆம்பளைங்க வலைக்குக் கடன் கேட்டா தொழிலு, நான் கடைச் சுவத்துக்குக் கேட்டா ஆடம்பரமா?"ன்னு நானும் கத்தினேன். கடைசியில் தீர்மானம் எழுதிப் பணம் கொடுத்தார்கள். அந்த அக்காவும் கையெழுத்துப் போட்டாங்க. ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பலகைக்கும் ஆசாரிக்கும் 18,500 ரூபாய், கண்ணாடிக்கு 6,500 ரூபாய். பணம் தீர்ந்தது. பெயிண்டுக்கு? எங்க வீட்டுக்காரர் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் விசைப்படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கப் போவார். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும்; மராமத்து, பெயிண்ட் எல்லாம் அப்போதுதான். அங்கே மிஞ்சிய நீல எனாமல் வீட்டில் இருந்தது. "கடல் உப்பையே தாங்குற பெயிண்டு, உன் சுவத்துல நிக்காதா?"ன்னு கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. செல்போனில் பார்த்த படங்களிலும் கரும் நீலச் சுவர்தான் அழகாக இருந்தது. பளபளவென்று அடித்தோம். முதல் நாள் பார்த்தவர்கள் எல்லாம் "கப்பலு மாதிரி கீது"ன்னு சொன்னாங்க. பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் அடி வியாபாரத்தில் விழுந்தது. ஒரு வாடிக்கைக்கார அம்மா கரும்பச்சைப் புடவை கொண்டுவந்தார். அந்த நீலச் சுவர் முன்னால், டியூப்லைட் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து பிளவுஸ் துணியைப் பொருத்தினேன். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. தைத்து முடித்து வெளியில் வெயிலில் பார்த்தால், புடவை பச்சை, பிளவுஸ் மயில் நிறம். அந்த அம்மா தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். துணிக் காசும் கூலியும் என் தலையில். அப்போதுதான் புரிந்தது: சுவரில் பட்ட வெளிச்சம் திரும்பித் துணியில் விழும்போது சுவரின் நிறத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டுதான் விழும். துணிக்கு நிறம் பார்க்கும் இடத்தில் சுவர் கத்தக் கூடாது. அது வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

இரண்டாவது அடி 2023 டிசம்பரில். மிக்ஜாம் புயல் மழை நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். என் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை. ஆனால் சுவர் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சிவிட்டது. பலகை பின்பக்கம் ஊறி, அப்பளம் போல உப்பியது. பலகை இல்லாத இடத்தில் எனாமல் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் அழுத்தினால் உள்ளே தண்ணீர். கொப்புளம் உடைந்த இடத்தில் வெள்ளையாக உப்பு. 18,500 ரூபாய் பலகையைக் கழற்றித் தெருவில் வைத்தபோது, தவணை இன்னும் பாதிக்கு மேல் பாக்கி.

மூன்று வாரம் கூட்டத்துக்குப் போகவில்லை. தவணையை மட்டும் மகளிடம் கொடுத்து அனுப்பினேன். யார் முகத்தைப் பார்ப்பது?

நாலாவது வாரம் அந்த அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாங்க. சுவத்துக்குப் புடவையா என்று கேட்ட அதே அக்காதான். இங்கே நடு வரிசையில்தான் உட்கார்ந்திருக்காங்க. பேர் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்காங்க. அவங்க பெயிண்டர்களோடு சித்தாளாகப் போய், பிறகு தானே பிரஷ் பிடித்து, இருபது வருஷம் வேலை பார்த்தவங்க. அது எனக்குத் தெரியும். ஆனாலும் பலகை அடிக்கும் முன் ஒரு வார்த்தை அவங்களிடம் கேட்கவில்லை. ரோஷம்.

அக்கா உள்ளே வந்தாங்க. ஒன்றும் பேசவில்லை. சுவரில் கையை வைத்தாங்க. நகத்தால் சுரண்டி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாங்க. "உப்புடி"ன்னு சொன்னாங்க. அப்புறம், "சுவரு அழுவுது. அழுவுற மூஞ்சிக்குப் பவுடர் போட்டா நிக்குமா?"ன்னு கேட்டாங்க. நான் அழுதேன். டீ போட்டுக் கொடுத்தேன். அன்றைக்குத் தொடங்கியதுதான் என் படிப்பு. அந்தப் படிப்பைத்தான் இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் சுவர்.

கடல் தண்ணீரிலிருந்து உப்பை எடுக்க நம் காட்டுப்பள்ளியில் 2010-லேயே ஆலை வந்துவிட்டது. நாளைக்கு 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்கும் ஆலை. ஆனால் நம் வீட்டுச் சுவரில் இருக்கும் உப்பை எடுக்க யாரும் மெஷின் கொண்டுவரவில்லை. (சிரிப்பு) நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுவர் ஈரமா இல்லையா என்று கண்டுபிடிக்க அக்கா ஒரு வழி காட்டினாங்க. ஓரடிக்கு ஓரடி பாலிதீன் கவரை வெட்டி, சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் விடுங்கள். கவருக்கு உள்பக்கம், சுவரை ஒட்டி முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால், அது அறைக் காற்றின் ஈரம். உள்ளிருந்து ஈரம் வரும் சுவருக்கு எந்த நிறமும் பதில் இல்லை. அதன் மேல் பலகை அடித்தாலும், எனாமல் அடித்தாலும், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறோம் என்றுதான் அர்த்தம். படகில் எனாமல் நிற்பதற்குக் காரணம், அதற்குத் தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது. சுவரில் தண்ணீர் முதுகுப் பக்கத்திலிருந்து வருகிறது. எங்க வீட்டுக்காரருக்கு இதை அக்கா சொன்னபோது, அவர் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, கூட்டி அள்ளிப் போடுங்கள். நான் மாசி மாதத்தில், சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, கீழே மூன்றடிப் பூச்சைக் கொத்தி எடுத்து, நீர்த்தடுப்பு மருந்து கலந்து சிமெண்ட் பூச வைத்தேன். புதுப் பூச்சுக்கு 28 நாள் விட வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாங்க. பிரைமரே அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, நம் ஊர்க் காற்று.

படத்தில் பார்க்கும் வீடுகள் எங்கேயோ இருக்கின்றன. நம் ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் உப்புக் காற்று, இன்னொரு பக்கம் நிலக்கரித் தூசி, சாம்பல், லாரிப் புழுதி. வெள்ளை அடித்தால் நாலாம் நாள் கரி தெரியும். கறுப்போ கரும் நீலமோ அடித்தால் சாம்பலும் உப்பும் வெள்ளையாகத் தெரியும். நம் பக்கத்துக்கு இரண்டு ஓரமும் ஆகாது. நடுவில் நிற்கும் நிறம்தான் நிற்கும்: மணல் நிறம், வெளிறிய களிமண் நிறம், சாம்பல் கலந்த பச்சை, இப்படி.

பீடிங் வைப்பதானால் பூவேலை, ஆழமான வெட்டு உள்ளதை வாங்காதீர்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் தூசி உட்காரும். ஈர்க்குச்சி வைத்துத்தான் எடுக்க வேண்டும். தட்டையான பட்டை போதும். இன்னும் சொல்லப் போனால் பலகையே வேண்டாம். நான் இரண்டாவது முறை ஒரு துண்டு மரம்கூட வாங்கவில்லை. டேப் ஒட்டிக் கட்டம் போட்டு, இரண்டு நிறத்தில் பெயிண்டாலேயே பேனல் வரைந்துவிட்டோம். எட்டடி தள்ளி நின்றால் பலகை போலத்தான் தெரிகிறது. சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வந்து பாருங்கள், டீ உண்டு.

மூன்றாவது, வெளிச்சம்.

கடையில் கொடுக்கும் நிற அட்டையில் கட்டம் தீப்பெட்டி அளவு இருக்கும். அதே நிறம் சுவர் முழுக்க வந்தால் இரண்டு மடங்கு அழுத்தமாகத் தெரியும். அதனால் அட்டையில் பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதை எடுங்கள். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது வெளிறி இருக்கும், காய்ந்தால் அழுத்தமாகும். அடிக்கும்போதே பார்த்துப் பயப்படாதீர்கள், அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.

சின்ன டப்பா வாங்கி, பிரைமர் அடித்த சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்துப் பாருங்கள். வாசல் பக்கம் ஒன்று, இருட்டு மூலையில் ஒன்று. காலை ஏழு மணிக்கு, மத்தியானம், ராத்திரி லைட் போட்ட பிறகு என்று மூன்று நாள் பாருங்கள். என் அறையில் காலை வெயில் நேராக வரும். அப்போது எல்லா நிறமும் நல்ல நிறம்தான். ராத்திரி எட்டு மணிக்கும் பிடித்தால்தான் அது நம் நிறம். எல்.இ.டி. பல்பு பெட்டியில் 6500 என்று போட்டிருந்தால் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம், 3000 என்று போட்டிருந்தால் மஞ்சள் வெளிச்சம். பல்பை மாற்றினாலே சுவரின் நிறம் மாறிவிடும். அதனால் முதலில் பல்பை முடிவு செய்யுங்கள், பிறகு பெயிண்ட்.

நாலாவது, எத்தனை நிறம்?

இதை அக்கா என்னிடமே கேட்டாங்க. "நீ தையக்காரிதான? புடவைக்கு எத்தினி நிறம்?"னு கேட்டாங்க. உடல், பார்டர், ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு. மூன்றுதான். சுவருக்கும் அவ்வளவுதான். பெரிய இடம் உடல். கீழ்ப்பகுதி பார்டர். பீடிங் வைத்தால் அது ஓரக்கோடு. சின்ன அறையில் பீடிங்கைச் சுவரின் நிறத்திலேயே அடித்தால் அறை அமைதியாக, பெரிதாகத் தெரியும். வேறு நிறம் அடித்தால் துண்டு துண்டாகத் தெரியும். பார்டர் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற வேண்டாம். ஒன்பதடி உயரச் சுவருக்கு மூன்றடி. அதற்கு மேல் ஏற்றினால் கூரை தலையில் இடிப்பது போல இருக்கும். கீழே கொஞ்சம் அழுத்தமான நிறம் வைப்பது புதிதொன்றும் இல்லை. நம் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் இடுப்பளவுக்கு அடித்திருப்பார்கள். கை படும், கால் படும், துடைக்க வேண்டும் என்பதற்காக. ஆகவே கீழ்ப்பகுதிக்குத் துடைக்கக்கூடிய எமல்ஷன் வாங்குங்கள். மட்டமான டிஸ்டெம்பர் புடவையில் ஒட்டும்; என் தொழிலுக்கு அது சரிவராது.

ஐந்தாவது, டப்பாவைப் படியுங்கள்.

வீட்டுப் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. டப்பாவிலேயே ஈயம் பற்றி எழுதியிருக்க வேண்டும். அந்த எழுத்து இல்லாத டப்பாவைத் திருப்பிக் கொடுங்கள். அந்தச் சட்டம் வீட்டுப் பெயிண்டுக்குத்தான். மிஞ்சிய படகுப் பெயிண்டு, தொழிற்சாலைப் பெயிண்டு எதையும் குழந்தை இருக்கிற வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பழைய எனாமல், அதிலும் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, இவற்றில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சுரண்டும்போது உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். நனைத்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். பிள்ளைகளையும் கர்ப்பிணிப் பெண்களையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். என் வீட்டு நீலத்தையும் அப்படி நனைத்துத்தான் எடுத்தோம்.

இன்னொன்று. எர்ணாவூரில் இருக்கும் என் கூடப்பிறந்த அக்கா வீட்டில் அந்தப் புயல் வெள்ளம் எண்ணெயோடு வந்தது. சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு. மூன்று முறை எமல்ஷன் அடித்தார்கள். மூன்று முறையும் பழுப்பாகக் கறை வெளியே வந்துவிட்டது. எண்ணெய்க் கறையைத் தண்ணீர்ப் பெயிண்டால் மூட முடியாது. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, கறையை அடைக்கும் எண்ணெய் வகை பிரைமர் அடித்த பிறகுதான் நின்றது. எண்ணெய் ஆழமாக இறங்கிய இடத்தில் பூச்சையே எடுக்க வேண்டியிருந்தது. "இந்தக் கோடு போனாத்தான்டி அந்த ராத்திரி என் கண்ணை விட்டுப் போவும்"னு அவ சொன்னா. சுவருக்கு நிறம் அடிப்பது ஆடம்பரம் என்று யாராவது சொன்னால், நான் என் அக்காவின் அந்தச் சுவரை நினைத்துக்கொள்கிறேன்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நாம் கணக்கு எழுதுகிறவர்கள். நீளத்தை உயரத்தால் பெருக்குங்கள். ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்குச் சுமார் 60 சதுர அடி வரும். கொஞ்சம் கூடுதலாகவே ஒரே தடவையில் வாங்கி, எல்லா டப்பாவையும் ஒன்றாகக் கலந்துகொள்ளுங்கள். இரண்டாவது முறை வாங்கினால் நிறம் நூல் அளவு மாறும். நிறத்தின் எண்ணை எழுதி வையுங்கள். நான் என் சேமிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

சித்திரை மாதம் என் சுவர் முடிந்தது. மேலே காய்ந்த மணல் நிறம். கீழே ஈர மணல் நிறம். அலை வந்து போன இடத்தில் கடற்கரை இருக்குமே, அந்த இரண்டும்தான். துறைமுகம், கப்பல் தளம் எல்லாம் வரும் முன் நம் குப்பம் கடலோரத்தில் இருந்தது. அந்த மணலில்தான் நான் வளர்ந்தேன். அட்டையில் 200 நிறம் பார்த்தேன், கடைசியில் என் கை அதில்தான் போய் நின்றது. பூச்சு, கூலி, பெயிண்ட் எல்லாம் சேர்த்து 9,200 ரூபாய். இந்த முறை கடன் இல்லை, தைத்த காசு. அந்த மணல் நிறத்துக்கு முன்னால் எந்தப் புடவையை விரித்தாலும் புடவையின் நிறம்தான் தெரிகிறது.

எங்க வீட்டுக்காரருக்கு நீலம் இல்லாமல் போனதில் வருத்தம். வீட்டு எனாமலில் அதே நீலத்தை வாங்கி வாசல் கதவுக்கு அடிக்கக் கொடுத்தேன். மரத்துக்கு எனாமல்தான் சரி. இப்போது தெருவில் எங்கள் வீட்டை "நீலக் கதவு தையக்கார வீடு" என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். கண்ணாடிக்குப் பக்கத்து மூலையில் மழைக்காலத்தில் கொஞ்சம் உப்பு இன்னும் பூக்கிறது. தட்டி எடுக்கிறேன்.

பழைய கடனையும் கடைசித் தவணை வரை கட்டி முடித்துவிட்டேன். அந்தக் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினோம். இனி எங்கள் குழுவில் வீட்டு வேலைக்கு யார் கடன் கேட்டாலும், பணம் கொடுக்கும் முன் இரண்டு உறுப்பினர்கள் நேரில் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். "எதுக்கு இந்த ஆடம்பரம்?" என்று கேட்கக் கூடாது. "சுவரு எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. மற்ற குழுக்களும் இதைச் செய்யலாம் என்பது என் வேண்டுகோள். நம் குழுக்களில் பெயிண்ட் அடிக்கத் தெரிந்தவர், கொத்து வேலை தெரிந்தவர், கணக்குத் தெரிந்தவர் எல்லோரும் இருக்கிறார்கள். நான் 18,500 ரூபாயைத் தெருவில் வைத்த பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டேன். நீங்கள் முன்னாலேயே கேளுங்கள்.

அப்புறம், நிறத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். சுவரையும் காற்றையும் வெளிச்சத்தையும் கேட்டு முடித்த பிறகு, கடைக்காரரோ வீட்டில் உள்ளவர்களோ ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நாள் முழுக்க அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வது நாம்தான்.